வானியல் முதுநிலை: எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கடன்?

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகில் தரையிறங்கியது. பத்து நாட்கள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, கதிரவனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்ணில் ஏறியது. அவ்விரு நிகழ்ச்சிகளையும் தொலைக்காட்சியில் கண்டு வியந்த பள்ளி மாணவர் பலர் இப்போது கல்லூரிகளில் இயற்பியல் பயில்கின்றனர். இளநிலைப் பட்டம் முடிந்ததும் வானியலும் வானியற்பியலும் படிக்க வேண்டும் என்பது அவர்களுள் சிலருடைய உறுதியான விருப்பம். அந்த விருப்பம் வீட்டில் பேச்சாக எழும்போது பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் தோன்றுகின்றன. எங்கே படிப்பது? அதற்கு எவ்வளவு செலவாகும்?

இவ்விரு கேள்விகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே ஆராயப்படுகின்றன. மாணவர் தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்துவிடுகிறார். அதன் பின்னர் குடும்பம் பணத்துக்கு வழி தேடுகிறது. பொறியியலிலோ மேலாண்மையிலோ இந்த வரிசை அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. பட்டம் பெற்ற ஆண்டிலேயே சம்பளம் தொடங்கிவிடலாம். வானியல் அப்படிப்பட்ட துறையன்று. இங்கே முதுநிலைப் பட்டம் பயணத்தின் நடுவில் நிற்கும் ஒரு படி மட்டுமே. ஆகவே இத்துறைக்குரிய பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும், கடனை அளவிடும் முறையும் வேறுபட்டவை. அவற்றை இக்கட்டுரையில் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பட்டத்துக்குப் பின் என்ன?

வானியற்பியலின் அடித்தளம் இயற்பியல். விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் திரள்கள், அண்டவியல், உயர் ஆற்றல் வானியற்பியல், கதிர்வீச்சு நிகழ்முறைகள் ஆகியவை முதுநிலையின் வழக்கமான பாடங்கள். இவற்றைக் கற்க மரபியக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். இரவெல்லாம் தொலைநோக்கியில் கண் பதித்திருக்கும் வானியலாளரின் படம் இன்று பெரிதும் மாறிவிட்டது. கருவிகள் திரட்டித் தரும் தரவுகளைக் கணினியில் ஆராய்வதே அன்றாடப் பணி. நிரல் எழுதவும் புள்ளியியலைக் கையாளவும் விருப்பமில்லாதவர் இத்துறையில் மகிழ்ச்சியாக இருப்பது கடினம்.

ஆராய்ச்சியாளராகவோ பேராசிரியராகவோ பணிபுரிய முனைவர் பட்டம் இன்றியமையாதது. அதற்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆகலாம். அதன் பின்னரும் நிலையான பணி கிடைக்கும்வரை, ஒப்பந்த அடிப்படையிலான ஆய்வுப் பணிகளில் சில ஆண்டுகள் கழிவது வழக்கம். முதுநிலையோடு நிறுத்திக்கொண்டு தரவு ஆய்வு, மென்பொருள், கற்பித்தல் ஆகிய துறைகளுக்குச் செல்வோரும் உண்டு. வானியலில் பெற்ற கணக்கீட்டுப் பயிற்சி அங்கே மதிக்கப்படுகிறது.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய நற்செய்தி ஒன்று உண்டு. முனைவர் பட்டத்துக்குக் குடும்பம் செலவு செய்ய வேண்டியதில்லை. படிப்பவருக்கே உதவித்தொகை வழங்கப்படுகிறது. இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாய். தகுதியுள்ளவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் சேரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் பெறும் பணியாளராகவே நடத்தப்படுகிறார். எனவே குடும்பத்தின் பணம் பெரும்பாலும் முதுநிலையின் இரண்டு ஆண்டுகளில்தான் செலவாகிறது. அந்த இரண்டு ஆண்டுகள், பெருஞ்சுமை ஏற்றாமல் மாணவரை நல்லதோர் ஆராய்ச்சிக் குழுவின் வாயிலில் கொண்டு நிறுத்துகின்றனவா என்பதே தேர்வுக்குரிய அளவுகோல்.

இந்தியாவில் உள்ள வாயில்கள்

நம் நாட்டில் வானியல் என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தரும் நிறுவனங்கள் மிகச் சில. ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வானியல் துறை அவற்றுள் பழமையானது. நிஜாமியா வானாய்வகத்தின் மரபில் வளர்ந்தது அது. இந்தூர் ஐ.ஐ.டி.யில் வானியல் எம்.எஸ்சி. படிப்பு உள்ளது, ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வின் வழியே அதில் சேரலாம். திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் வானியலிலும் வானியற்பியலிலும் முதுநிலைப் படிப்பை நடத்திவருகிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கும் அது வழி திறந்துவைக்கிறது.

இரண்டாவது வாயில், இயற்பியல் எம்.எஸ்சி. நல்ல இயற்பியல் துறையில் சேர்ந்து, வானியற்பியலை விருப்பப் பாடமாக எடுத்து, இறுதியாண்டு ஆய்வேட்டை வானியலில் எழுதுவதே இந்திய வானியலாளர் பலர் கடந்துவந்த பாதை. பெயரில் வானியல் இல்லையே என்று இதைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. முனைவர் பட்டச் சேர்க்கையில் தேர்வாளர்கள் முதலில் சோதிப்பது இயற்பியல் அடித்தளத்தைத்தான். துறை மாற நேர்ந்தாலும் இயற்பியல் பட்டத்துக்கு மதிப்புக் குறைவதில்லை. கல்லூரி ஆசிரியப் பணிக்கும் அது நேரடியாகப் பொருந்தும். புணேயில் உள்ள சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு: ஐயூகா என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல் மையமும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய வானொலி வானியற்பியல் மையமும் அதே வளாகத்தில் அமைந்துள்ளன.

மூன்றாவது வாயில் பலர் அறியாதது. முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் ஒன்றாக இணைத்துத் தரும் ஒருங்கிணைந்த படிப்பு அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை இயற்பியல் சார்ந்த இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. ஜாம், ஜெஸ்ட் போன்ற தேர்வுகளும் அந்தந்த நிறுவனங்களின் தனித்தேர்வுகளும் இவற்றுக்கு வழி. சேர்ந்த நாள்முதலே உதவித்தொகை கிடைப்பதால் கடன் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமிராது. போட்டி கடுமையானது என்பது உண்மை. ஆயினும் இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே இத்தேர்வுகளுக்கு ஆயத்தமாகத் தொடங்கும் மாணவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், புணேயின் ஐயூகா, நைனிதாலின் ஆர்யபட்டா ஆய்வு நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் ஆகியவை முதன்மையாக ஆராய்ச்சிக்கான இடங்கள். கோடைக்கானலின் கதிரவ ஆய்வகம், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் ஹன்லேயில் உள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி ஆகிய மூன்றையும் இயக்குவது இந்திய வானியற்பியல் நிறுவனமே. முதுநிலை மாணவர் இந்நிறுவனங்களின் கோடைக்காலப் பயிற்சிகளில் சேரலாம். மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டமும், ஐயூகாவின் விடுமுறைக்கால மாணவர் திட்டமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எந்தக் கல்லூரியில் படித்தாலும் இரண்டு கோடைகளை இவ்வாறு பயன்படுத்திக்கொண்டவரின் விண்ணப்பம் தனித்துத் தெரியும்.

வெளிநாடு செல்வதாயின்

வெளிநாடு என்று பொதுவாகச் சொல்வதைவிட நாட்டுக்கு நாடு அமைப்பைப் புரிந்துகொள்வதே பயன் தரும்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவந்தோறும் சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே. பான் பல்கலைக்கழகத்திலும் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்திலும் வானியற்பியல் முதுநிலை ஆங்கிலவழியில் நடைபெறுகிறது. எஃபெல்ஸ்பெர்க்கில் உள்ள 100 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை இயக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் பான் நகரிலேயே உள்ளது. ஹைடல்பெர்க் நகரம் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் மட்டும், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. கட்டணம் இல்லையென்றாலும் வாழ்க்கைச் செலவு உண்டு. அதற்குச் சான்றாக முடக்கக் கணக்கு ஒன்றில் பணம் வைத்துக் காட்டினால்தான் விசா கிடைக்கும். 2024 செப்டம்பரில் அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ என உயர்ந்தது. இந்திய மாணவர் தம் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அமைப்பின் வழியே முன்னரே சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக வானாய்வகம் 1633-இல் நிறுவப்பட்டது. அங்கே முதுநிலை இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு ஒன்றாக இரு ஆய்வுத் திட்டங்களை மாணவர் முடிக்கிறார். ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் ஐரோப்பியர் அல்லாதவருக்கான கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவுக்கும் மேல்.

பிரிட்டனில் முதுநிலை ஓராண்டில் முடிகிறது. காலமும் வாழ்க்கைச் செலவும் மிச்சம் என்று தோன்றும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. செப்டம்பரில் படிப்பு தொடங்குகிறது. முனைவர் பட்டத்துக்கான விண்ணப்பங்களோ பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடுகின்றன. அதற்குள் ஒரு பருவம்கூட முழுமையாக நிறைவடைவதில்லை. ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் அதன் பின்னரே வருகிறது. புதிய ஆசிரியர்கள் மாணவரை நன்கு அறிந்து பரிந்துரைக் கடிதம் எழுத வாய்ப்பில்லாமல் போகிறது; பட்டம் முடிந்தபின் ஓர் ஆண்டு காத்திருக்கவும் நேரலாம். அந்த ஓர் ஆண்டில் வட்டி காத்திருப்பதில்லை.

அமெரிக்காவில் வானியலுக்கெனத் தனி முதுநிலை குறைவு. மாணவர் நேரடியாக முனைவர் பட்டத்தில் சேர்ந்து, உதவித்தொகை பெற்றுக்கொண்டே முதுநிலையையும் இடையில் முடிப்பார். பல பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பதால், மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்த இந்திய மாணவர் இங்கே எம்.எஸ்சி. படித்துவிட்டுச் செல்வது வழக்கம். புதிய கல்விக் கொள்கையின்படி நான்கு ஆண்டு இளநிலை படிப்போர் நேரடியாக விண்ணப்பிக்க முயலலாம். அமெரிக்கக் கனவு உள்ளவர்கள், சொந்தப் பணத்தில் முதுநிலைக்குச் செல்வதைவிட இந்தியாவில் முதுநிலை முடித்து உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குச் செல்வது பொருளாதார நோக்கில் நன்று. கனடாவில் ஆராய்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் மாணவருக்குக் கற்பித்தல் பணி வழியாக வருவாய் கிடைக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் வானியற்பியலும் விண்வெளி அறிவியலும் சேர்ந்த கூட்டு முதுநிலைப் படிப்பு ஒன்று உள்ளது. ரோம் டோர் வெர்கட்டா, பெல்கிரேடு, பிரேமன், கோட் தஸூர் ஆகிய பல்கலைக்கழகங்கள் அதை இணைந்து நடத்துகின்றன. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்குத் தேர்வானவருக்குக் கட்டணம் இல்லை; மாதம் 1,400 யூரோ உதவித்தொகையும் உண்டு.

பெயரைத் தாண்டி நோக்க வேண்டியவை

பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் பல்கலைக்கழகமே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இன்றைய வானியலில் அது முழுமையாகப் பொருந்தாது. புணேக்கு அருகே கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளோடு இயங்கும் மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியை, உலகின் எந்த ஆய்வாளரும் திட்ட முன்மொழிவு அனுப்பிப் பயன்படுத்தலாம். 180 கோடிக்கும் மேற்பட்ட விண்பொருள்களை அளந்த கையா விண்கலத்தின் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. ஹப்பிள், ஜேம்ஸ் வெப் ஆகியவற்றின் ஆவணக்காப்பகங்களும் அவ்வாறே. ஆகவே கருவி எங்கே இருக்கிறது என்பதைவிட, அதன் தரவைக் கையாளக் கற்றுத்தரும் நெறியாளர் எங்கே இருக்கிறார் என்பதே முதன்மையான கேள்வி.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே சுப்பிரமணியன் சந்திரசேகர் தாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். வெண்குறு விண்மீன்களைப் பற்றி அப்போது முன்னோடியாக எழுதியிருந்தவர் ஃபௌலர். அவர் வழியே அக்கட்டுரை அரச கழகத்தின் இதழில் வெளியாயிற்று. 1930-இல் அரசு உதவித்தொகையுடன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் சென்றது அந்த ஆசிரியரிடம் பயிலத்தான். 1983-இல் நோபல் பரிசு பெற்ற அப்பயணம் ஓர் ஊரின் புகழைவிட ஓர் ஆசிரியரின் ஆய்வை முன்வைத்துத் தொடங்கியது.

பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது பின்வரும் ஐந்தையும் விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுமாறு மாணவருக்குப் பரிந்துரைக்கிறோம்.

1. ஆய்வேட்டுக்கு எவ்வளவு காலம் ஒதுக்கப்படுகிறது? ஓராண்டு ஆய்வேடு உள்ள படிப்பு, மூன்று மாத ஆய்வேடு உள்ள படிப்பைவிட முனைவர் சேர்க்கைக்கு வலுச் சேர்க்கும்.

2. தாம் விரும்பும் உட்பிரிவில் எத்தனை ஆசிரியர்கள் உள்ளனர்? அண்டவியலை விரும்புபவர், கதிரவ இயற்பியல் மட்டுமே வலுவாக உள்ள துறையில் சேர்ந்தால் நெறியாளர் கிடைப்பது அரிது. ஒருவரை மட்டும் நம்பிச் செல்வதும் ஆபத்து; அவர் ஓய்வு பெறலாம், இடம் மாறலாம். இருவரோ மூவரோ இருப்பது பாதுகாப்பு.

3. அவ்வாசிரியர்கள் அண்மை ஆண்டுகளில் என்ன கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்? மாணவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளனவா? நாசாவின் ஏ.டி.எஸ். தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

4. கடந்த மூன்று ஆண்டுகளில் படித்தவர்கள் எங்கே சென்றனர்? துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். முன்னாள் மாணவர் இருவரிடமேனும் பேசுவது நன்று.

5. கணினி வசதி, நிரலாக்கப் பயிற்சி, புள்ளியியல் பாடம் ஆகியவை கட்டாயமா, விருப்பமா? ஆராய்ச்சியை விட்டு வேறு துறைக்குச் செல்ல நேர்ந்தால் கைகொடுப்பவை இவையே.

கடன் கணக்கு

இனி வங்கியின் பக்கத்துக்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தைப் பின்பற்றும் கல்விக்கடன்களில் பொதுவான அமைப்பு இது: 4 இலட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்குத்தொகை தேவையில்லை, அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடும் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடும் குடும்பம் ஏற்க வேண்டும். 7.5 இலட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்கப்படும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காத சலுகைக் காலம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தரவரிசையின் அடிப்படையில் தெரிவுசெய்யப்பட்ட இந்திய நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 இலட்சம் வரையிலான கடனில், சலுகைக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியத்துக்கும் வழியுண்டு. சேர விரும்பும் நிறுவனம் அப்பட்டியலில் உள்ளதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இத்துறைக்கே உரிய சிக்கலைக் காண்போம். சலுகைக் காலம் படிப்பு முடிந்த ஓராண்டில் தீர்ந்துவிடுகிறது. வானியல் மாணவரோ அப்போது முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பார். தவணையை அவருடைய உதவித்தொகையிலிருந்தோ பெற்றோரின் வருவாயிலிருந்தோதான் கட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெளிநாட்டு முதுநிலைக்கு 20 இலட்சம் ரூபாய் கடன், 10 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். நான்கு பருவங்களின் தொடக்கத்தில் ஐந்தைந்து இலட்சமாகப் பணம் விடுவிக்கப்படுகிறது. இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டுச் சலுகையும் முடியும்போது தனிவட்டி மட்டும் 4.5 இலட்சம் சேர்ந்திருக்கும். 24.5 இலட்சத்தை 15 ஆண்டுகளில் செலுத்த மாதத் தவணை ஏறத்தாழ 26,300 ரூபாய். மாணவர் இந்தியாவில் முனைவர் பட்டத்தில் சேர்ந்திருந்தால் 37,000 ரூபாய் உதவித்தொகையில் எஞ்சுவது 11,000 ரூபாய்க்கும் குறைவு. உணவுக்கும் அன்றாடச் செலவுக்கும் அது போதாது. திறமையும் ஆர்வமும் உள்ள மாணவர், தவணைக்காகவே ஆராய்ச்சியைக் கைவிட்டு வேறு வேலை தேடும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

அதே மாணவர் இந்தியாவில் 4 இலட்சம் கடனில் முதுநிலை முடித்தால், இதே கணக்கில் சலுகைக் கால இறுதியில் கடன் 4.9 இலட்சம் ஆகும். பத்தாண்டுகளில் செலுத்தினால் மாதம் ஏறத்தாழ 6,500 ரூபாய். ஆராய்ச்சி மாணவரே தாங்கக்கூடிய தொகை இது.

இதிலிருந்து ஓர் எளிய விதியைச் சொல்லலாம். முனைவர் பட்டத்தை நோக்கமாகக் கொண்டவர், மாதத் தவணை ஆராய்ச்சி உதவித்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத அளவுக்குக் கடனை வைத்துக்கொள்வது நன்று. அதற்கு மேல் கடன் தேவைப்பட்டால், ஐந்தாண்டுகளுக்கு அந்த மிகுதித் தவணையை யார் கட்டுவது என்பதைக் கையெழுத்துக்கு முன்னரே குடும்பம் தெளிவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். பெற்றோரின் ஓய்வுக்காலம் அந்த ஐந்தாண்டுகளில் வருகிறதா என்பதும் கணக்கில் சேர வேண்டியதே.

சுமையைக் குறைக்கும் வழிகளும் உண்டு. படிப்புக் காலத்திலும் அதன்பின் வரும் சலுகை ஆண்டிலும் மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டிவந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் 20 இலட்சத்தின்மீது மட்டுமே தவணை அமையும். அது ஏறத்தாழ 21,500 ரூபாய். மாதம் 4,800 ரூபாய் குறைகிறது. பழைய வருமான வரிமுறையில் இருப்போர் செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு பெறலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகையில், வங்கிக் கல்விக்கடனிலிருந்து செல்லும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். பிடித்தம் இல்லை, சேமிப்பிலிருந்து அனுப்பினால் ஆண்டுக்கு 10 இலட்சம் வரை பிடித்தம் இல்லை. கட்டணம் யூரோவில், கடன் ரூபாயில் என்பதால் ரூபாய் மதிப்புக் குறைந்தால் இரண்டாம் ஆண்டில் பற்றாக்குறை வரும். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கணக்கிட்டு வைப்பது விவேகம்.

கடனுக்கு முன் உதவித்தொகையைத் தேடுவதே முறை. அடிப்படை அறிவியல் பயிலும் சிறந்த மாணவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை வழங்குகிறது. வெளிநாடு செல்லும் பட்டியல் இன மாணவருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. 1892-இல் தொடங்கப்பட்ட ஜே.என். டாட்டா அறக்கட்டளை கடன் உதவித்தொகை வழங்கி வருகிறது.

எப்போது தொடங்குவது?

இளநிலை இறுதியாண்டுக்கு முந்தைய கோடையிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. அக்கோடையில் ஒரு பயிற்சித் திட்டம். செப்டம்பர், அக்டோபரில் ஜாம் விண்ணப்பம். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எராஸ்மஸ் முண்டஸ் போன்ற வெளிநாட்டு உதவித்தொகை விண்ணப்பங்கள். பிப்ரவரியில் ஜாம் தேர்வு. மார்ச்சில் அதன் முடிவு. சேர்க்கைக் கடிதம் வரும்வரை வங்கியை அணுகாமல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் கட்டண விவரத்தோடு முன்னதாகவே கிளைக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் தவணை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுத் தருமாறு கேளுங்கள். அந்தத் தாளை வீட்டு மேசையில் விரித்துவைத்து மாணவரும் பெற்றோரும் சேர்ந்து பார்ப்பது, தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

வானியல் நம் நாட்டில் வளரும் துறை. ஈர்ப்பலைகளை ஆராயும் லைகோ-இந்தியா திட்டத்துக்கு 2023-இல் 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அது அமைகிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் எஸ்.கே.ஏ. வானொலித் தொலைநோக்கியில் 1,250 கோடி ரூபாய் ஒதுக்கி இந்தியா பங்கேற்கிறது. இவை முழு வீச்சில் இயங்கும் ஆண்டுகளில், இன்று இளநிலை படிப்பவர்கள் முனைவர்களாக இருப்பார்கள். அந்தத் தரவுகளின் முன் அவர்கள் அமர்ந்திருக்க வேண்டுமானால், இடைப்பட்ட ஆண்டுகளை அவர்கள் மனக்கவலையின்றிக் கடக்க வேண்டும். அதற்கு நல்ல ஆசிரியரும் அளவான கடனும் துணை நிற்கும்.